களவெட்டியும் அடுக்களையும்

வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற கரையாதலால் படுவான்கரை என்று பேர்பெற்ற எங்கள் பகுதியிலே, வேளாண்மை வெட்டிச் சூடு வைத்துப் பின்பு அதனைக் களவெட்டியிலே பரப்பி மாடு விட்டு மிதிப்பித்த காலத்தில், அந்தக் களத்துக்கென்றே ஒரு தனிப் பாஷை வழங்கிவந்தது. நெல்லை அங்கே நெல்லென்று சொல்லலாகாது, பொலி என்றே சொல்லவேண்டும். மாடு, சாக்கு, சுளகு முதலியவற்றுக்கும் வீட்டிலே வழங்காத பெயர்கள் உண்டு. வீட்டுப் பேச்சுக் களத்திலே காதில் விழுமாயின் பூதங்கள் வந்து பொலியைக் கொண்டுபோய்விடும் என்பது முதியோர் நம்பிக்கை. புதிதாகக் கூலிக்கு வந்த வாலிபன் வாய்தவறி வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டால் வயல்வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரன் அவனைக் கடிந்துகொள்வான். இரண்டு இராத்திரி கழிவதற்குள் அந்தச் சொற்களையெல்லாம் அவன் மாட்டின் பின்னே நடந்தபடியே கற்றுக்கொண்டுவிடுவான். எவரும் அவனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்தச் சொல்லை எந்தக் கணத்தில் யார் யாரிடம் சொல்லவேண்டும் என்பது வேலையோடு சேர்ந்தே அவனுக்கு வந்தது. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தபின் களவெட்டி போயிற்று, அதன் பாஷையும் போயிற்று. ஆயினும் அந்த முல்லைக்காரனின் பேரப்பிள்ளைகளிற் சிலர் இன்று பாரிஸ் நகரத்து உணவகங்களின் அடுக்களைகளிலே, அதே விதமாக இலக்கணம் அறியாமல், பிறிதொரு களத்தின் பாஷையை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டு நிற்கிறார்கள்.

குறித்த ஒரு தொழிலிடத்தில் பேசிப் பழகுவதற்கு வேண்டிய பிரெஞ்சை எவ்வாறு போதிப்பது என்னும் விஷயம், கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுதுகிற ஒருவனுக்கு எட்டாத விஷயமென்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத் திருவிழாக் காலத்தில் வீதியிலே நின்று கேட்டால், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் தம்முள் பேசும் பேச்சில் ஆங்கிலத்தோடும் ஜெர்மனோடும் பிரெஞ்சும் கலந்து விழுகிறது. 1983க்குப் பின் வடக்கிலிருந்து பெருக்கெடுத்த புலப்பெயர்வு எங்கள் பக்கத்தையும் இழுத்துக்கொண்டது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இவ்வூரையும் அயலையும் உலுக்கிய படுகொலைகளுக்குப் பின், புறப்படக் கூடியவர்களிற் பலர் புறப்பட்டார்கள். முதலாவதில் உயிரிழந்தோருட் பலர் ஓர் இறால் பண்ணையின் தொழிலாளர். வேலைக்குப் போனவர் வீடு திரும்பாத அந்த நாளை அறிந்த ஊரிலே, தொழிலிடம் என்ற சொல் வெறும் கல்வித்துறைச் சொல்லாகக் காதில் விழுவதில்லை.

பாரிசின் வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் நம்மவர் லாச்சப்பல் என்று சொல்லும் வட்டாரத்தைப் பற்றி எழுதியவர் பலர். அங்குள்ள கடைகளையும் பிள்ளையார் தேரையும் பற்றி நானும் எழுதி வாசகரைக் களைப்பிக்க வேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது வேறொன்று. 1952இல் தோன்றிய, நம்மவர் ஒஃப்ரா என்று சுருக்கிச் சொல்லும் அகதிகள் காப்பகத்திடம் விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு, வேலை செய்வதற்கு முன்பிருந்த அநுமதியை 1991 செப்டெம்பரில் வெளிவந்த அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்று நிறுத்திவிட்டது. இன்றைய சட்டப்படி ஆறு மாதம் கழிந்தபின், அதுவும் முறையாக விண்ணப்பித்தே, வேலை அநுமதி பெறலாம். அரசாங்கம் இலவசமாக நடத்தும் பிரெஞ்சு வகுப்புகளோ, 2016இல் ஏற்பட்ட குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தின் பகுதியாக, அந்தஸ்துக் கிடைத்தபின்னரே தொடங்குகின்றன. ஆகவே ஒருவன் பாஷைக்கு மிகவும் திண்டாடுகிற முதல் மாதங்களிலே, சட்டம் அவனுக்கு வகுப்பையும் கொடுப்பதில்லை, வேலையையும் கொடுப்பதில்லை. வயிறு அவனை எவ்வாறேனும் ஓர் அடுக்களைக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கேதான் அவனுடைய பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தைச் சற்று நின்று பார்ப்போம். நம்மவர் 'கோப்பை கழுவுதல்' என்று சொல்லும் வேலைக்குப் பிரெஞ்சிலே 'பிளோன்ஜ்' என்று பெயர். மூழ்குதல் என்பது அதன் நேர்ப்பொருள், அதைச் செய்பவனுக்கு வழங்கும் பெயரே கடலில் மூழ்குபவனுக்கும் வழங்குகிறது. வாவியிலே மூழ்கி எழுந்து வளர்ந்தவனுக்கு இந்தச் சொல்லின் கேலி விளங்குவதற்குச் சில காலம் செல்லும். அவனுக்கு மேலே காய்கறி நறுக்கும் உதவியாள், அவனுக்கு மேலே ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான சமையலாளர், அவர்களுக்கு மேலே துணைத் தலைவர், எல்லாருக்கும் மேலே ஷெஃப்; இந்த அடுக்கு முறையை வகுத்தவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). வயற்சொந்தக்காரரான போடியார், முல்லைக்காரன், கூலியாள் என்ற வரிசையை அறிந்த நம்மூரவருக்கு இந்த அடுக்கு ஒன்றும் புதிதல்ல. புதிது, அதன் பேச்சின் வேகமே. பரிமாறுபவர் சீட்டோடு வந்ததும் ஷெஃப் அதை உரக்க வாசிப்பார். ஒவ்வொருவரும் 'உவி, ஷெஃப்' என்று மறுமொழி கொடுத்தாக வேண்டும். மறுமொழி இல்லையெனின் கட்டளை சென்று சேரவில்லை என்பது பொருள். கொதிக்கும் பாத்திரத்தோடு பின்னால் வருபவன் 'ஷோ தெவான்' என்று கத்துவான்; சூடு வருகிறது, வழி விடு என்பது கருத்து. எங்களூரிலே சூடு என்றால் முதலில் மனத்தில் எழுவது நெற்சூடு. அங்கே அந்தக் கூவலைக் கேட்டு அரைக் கணம் யோசித்தவனுடைய முழங்கையிலே தழும்பு கிடக்கும். 'சா மார்ஷ்' என்றால் 'அது நடக்கிறது' என்று அகராதி சொல்லும். அடுக்களையிலோ அது, கேட்ட உணவைச் செய்யத் தொடங்கு என்ற ஆணையாகவும், அப்படியே ஆகட்டும் என்ற சம்மதமாகவும் வழங்குகிறது. மத்தியான உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையே ஊதியமில்லாமல் வெளியே விடப்படும் நேரத்துக்குக் 'குப்பூர்', அதாவது வெட்டு, என்று பேர். வாடகை அறை நகரின் புறத்தே இருக்குமாயின் அந்த வெட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. பூங்காவிலோ புகையிரத நிலையத்திலோ உட்கார்ந்திருக்க வேண்டும். பாடப்புத்தகம் எதிலும் முதற் பாடமாக இந்தச் சொல்லை நான் கண்டதில்லை. ஆயினும் கோப்பை கழுவுபவனுடைய நாளை இரண்டாகப் பிளப்பது இதுவே.

இந்த இரைச்சலின் நடுவிலே புதியவனுக்குக் கைகொடுப்பவர், அவனுக்கு முன்னரே அங்கு வந்து, பெரும்பாலும் அவனுக்கு அந்த வேலையையே எடுத்துக் கொடுத்த நம்மவர் ஒருவர். ஷெஃப் சொல்வதை அவர் தமிழில் சொல்வார். இவன் சொல்வதை அவர் பிரெஞ்சில் சொல்வார். துபாஷி என்ற பழைய சொல் இவருக்கு நன்கு பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியிலே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761), 1736 முதல் தம் இறுதிக் காலம் வரையில் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டுவோர், இரண்டு பாஷையும் அறிந்த ஒரு மனிதரின் வழியாகவே வர்த்தகமும் வழக்கும் பரிந்துரையும் இலஞ்சமும் ஓடிய விதத்தைக் காண்பார்கள். அவரிடம் குவிந்த செல்வாக்குக்குக் காரணம் அவருடைய புத்தி மாத்திரமன்று, பிறருடைய ஊமைத்தனமுமாகும். அடுக்களைத் துபாஷியும் கருணையினாலேயே தொடங்குகிறார்; ஆனால் சம்பளம் எவ்வளவு, லீவு எப்போது, ஏன் இந்த மாதம் பணம் குறைந்தது என்பனவெல்லாம் அவர் வாய் வழியாகவே வரவேண்டுமென்று ஆகிவிட்டபின், அவன் முதலாளி ஒருவருக்கு அல்ல, இருவருக்கு வேலை செய்பவனாகிறான். வீட்டுக்குள்ளே இன்னொரு துபாஷி உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளை. நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்து, 2015இல் கான் விழாவிலே தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தைப் பார்த்தோர், பள்ளியிலே பிரெஞ்சு கற்ற சிறுமி பெரியவர்களுக்கு முன்னே ஓடுவதைக் கண்டிருப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தகப்பன் வைத்தியரிடம் தன் நோயைச் சொல்ல நேர்வதைவிடத் துயரமான பாஷைப் பாடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி, போதனை முறையின் வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின், பிரான்சியக் கல்வி அமைச்சின் ஆதரவில் ஜோர்ஜ் குகன்ஹைம் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும், மக்கள் மெய்யாகவே பேசும் பிரெஞ்சு எது என்று ஆராயப் புகுந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி அப்போது புதிது. 275 பேருடைய சம்பாஷணைகளை 163 பதிவுகளாக எடுத்து, அவற்றிலே வந்த 312,135 சொற்களையும் எண்ணி, அதிகமாக வழங்குவன எவையென வரிசைப்படுத்தினார்கள். விளைவு அவர்களையே திகைக்கச் செய்தது. இடைச்சொற்களும் பொதுவினைகளும் வரிசையின் உச்சியிலே நின்றன; ஆனால் எந்தப் பிரான்சியனும் தினம் மூன்று வேளை கையிலெடுக்கும் முள்ளுக்கரண்டி போன்றவற்றின் பெயர்கள் அகப்படுவதே அரிதாயிற்று. காரணம் எளிது: கரண்டியைக் கையிலே வைத்துக்கொண்டு யாரும் கரண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சிலே அடிக்கடி வாராமலும், வேண்டிய கணத்திலே நாவின் நுனியில் ஆயத்தமாக நிற்கவேண்டியனவுமான சொற்கள் உண்டென்று உணர்ந்த அவர்கள், பதினாறு வகையான விஷயங்களைக் கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொன்றுக்கும் சொற்பட்டியல் எழுதச் செய்து, அவ்வகைச் சொற்களைத் தனியே திரட்டினார்கள். அப்பதினாறிலே உடையும் உண்டு, உணவும் உண்டு, அடுக்களைத் தளபாடமும் உண்டு. இவ்வாறு 1950களில் உருவான அடிப்படைப் பிரெஞ்சின் முதற்படி சுமார் 1,500 சொற்களைக் கொண்டது. தொழிலுக்கான பாஷைப் போதனை பற்றிப் பிற்காலத்தில் எழுந்த நூல்கள் பலவற்றிலும் காண இயலாத ஓர் உண்மை, இந்த முள்ளுக்கரண்டிச் சம்பவத்திலே அடங்கியிருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்: பொதுவழக்கை எவ்வளவு நுணுக்கமாக எண்ணினாலும் தொழிற்களத்தின் சொல் அதில் அகப்படாது, களத்துக்கே போகவேண்டும்.

களத்துக்குப் போகும் முறையை ஒழுங்காக வகுத்துச் சொன்னவர்கள் ஜான்-மார்க் மாஞ்சியாந்த், ஷாந்தால் பார்ப்பெத் என்னும் இருவர். அவர்களுடைய நூல் 2004இல் வெளிவந்தது. ஒரு துறைக்குரிய பிரெஞ்சை, வைத்தியப் பிரெஞ்சு, வணிகப் பிரெஞ்சு என்றவாறு பொதுப்படையாக ஆயத்தம் செய்து, வருவோர்க்கெல்லாம் விற்பது ஒரு வகை. இன்ன மனிதர் இன்ன இடத்திலே இன்ன வேலைக்குப் போகிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பாடம் அமைப்பது பிறிதொரு வகை. முன்னையது கடையிலே தொங்கும் சட்டை, பின்னையது அளவெடுத்துத் தைப்பது. பின்னைய வகைக்கு அவர்கள் சொல்லும் படிகள் ஐந்து: யாரோ ஒருவர் பயிற்சி வேண்டுமென்று கேட்பது, தேவையை ஆராய்வது, வேலையிடத்துக்குச் சென்று அங்கே பேசுவதையும் எழுதுவதையும் சேகரிப்பது, சேகரித்ததை ஆராய்வது, கடைசியாகப் பாடம் எழுதுவது. ஆசிரியருடைய உழைப்பின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே, மூன்றாம் படியிலே செலவாகிறது. சம்பளம் கிடைப்பது என்னவோ வகுப்பு நேரத்துக்கு மாத்திரமே. இம்முறை புத்தகங்களிலே செழித்து நடைமுறையிலே மெலிந்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. 2008இல் ஃபுளோரான்ஸ் மூர்லோன்-தலீஸ் எழுதிய நூலோ, வெளிநாட்டிலிருந்து சில காலம் வரும் நிபுணரை விட்டு, பிரான்சிலேயே உழைத்துப் பிழைக்கவேண்டிய மனிதரை மையத்தில் வைத்துத் 'தொழில்மொழியான பிரெஞ்சு' என்ற கருத்தை வளர்த்தது. 2004 மே மாதச் சட்டம் ஒன்று பிரெஞ்சு கற்பதையே தொழிற்பயிற்சியின் பகுதியாக ஏற்றுக்கொண்டமையும் இத்திசையிலான அடியே.

ஆயினும் தொழிலுக்கு வேண்டிய அளவு மட்டும் பாஷை என்ற இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய, அழகற்ற பிறப்பும் உண்டு. முதலாம் உலக யுத்தத்திலே ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து போர்முனைக்குக் கொண்டுவரப்பட்ட சிப்பாய்களை நடத்தும் பொருட்டு, 1916இல் பாரிசிலே ஒரு சிறு கைநூல் அச்சாயிற்று. அது சிப்பாய்க்கு எழுதியதன்று, அவனுக்குக் கட்டளையிடும் பிரான்சிய அதிகாரிக்கு எழுதியது. வினையை ஒரே வடிவில் நிறுத்தி, ஆண்பால் பெண்பால் வேறுபாட்டை அகற்றி, சிப்பாய்க்கு இதற்குமேல் விளங்காது என்று முடிவுகட்டி, அவ்வாறு முறித்த பிரெஞ்சிலேயே அவனோடு பேசும்படி அதிகாரிகளைப் பழக்கியது. முறித்துக் கொடுத்ததை முறிந்தபடியே பேசிய சிப்பாயைப் பார்த்து, அதே தேசம் விளம்பரப் பலகைகளிலே சிரித்தது. 1926 ஜூலையிலே படைத்துறை பிறப்பித்து 1927இல் நூலாக வந்த ஒழுங்குவிதி, அந்தச் சிப்பாய்களுக்கு முறையான பிரெஞ்சைப் போதிக்க முற்பட்டது. தொழில்நோக்கப் போதனையின் வரலாற்றை எழுதுவோர் அதனையே முதற்படியாகக் குறிப்பர். முன்னைய கைநூலைவிட அது மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நோக்கமும், கட்டளையை விளங்கிக்கொள்ளும் ஒரு மனிதனை உண்டாக்குவதே.

நான் இந்தக் கட்டுரையிலே சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இங்கிருந்து பிறக்கிறது. அடுக்களைக்கு வேண்டிய பிரெஞ்சு என்று நாம் பட்டியல் எழுதும்போது, ஷெஃப் கோப்பை கழுவுபவனிடம் சொல்வன யாவும் பட்டியலில் ஏறிவிடுகின்றன. கோப்பை கழுவுபவன் ஷெஃபிடம் சொல்லவேண்டியன ஏறுவதில்லை. 'உவி, ஷெஃப்' என்று சொல்ல வகுப்பு வேண்டியதில்லை. 'இந்த மாதம் நான் செய்த மேலதிக மணித்தியாலங்கள் சம்பளச் சீட்டிலே இல்லை' என்று சொல்லத்தான் வகுப்பு வேண்டும். பிரான்சின் சட்டப்படி, வேலையிலே காயப்பட்டவர் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்கவேண்டும், முதலாளி நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் காப்புறுதி நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். எரிந்த கையைத் துணியாற் சுற்றிக்கொண்டு மூன்று நாள் மௌனமாக இருந்தவன் இழந்தது என்னவென்று அவனுக்கே தெரியாது. திருவிழாவுக்கு ஊர் வந்த ஒருவர், பதினோராண்டு அடுக்களையிலே நின்றவர், என்னிடம் சொன்னார்: "அங்க இருக்கிற சட்டி பானை எல்லாத்துக்கும் பேர் சொல்லுவன் ஐயா. ஆனா 'ஏன்' எண்டு கேக்கிறதுக்கு எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல." மேற்சொன்ன நூல்களிலே படித்தவற்றையெல்லாம் விட இந்த இரண்டு வாக்கியம் எனக்கு அதிகம் உதவிற்று.

இதனால் அடுக்களைச் சொல்லை அலட்சியம் செய்யலாம் என்பது கருத்தன்று. அதிலும் தமிழனுக்கென்று விசேஷமான கண்ணிகள் இருக்கின்றன. நம் மொழியிலே வல்லினத்தின் ஒலி வன்மையும் மென்மையும் அது நிற்கும் இடத்தாற் பிறப்பன. பிரெஞ்சிலோ அவை பொருளையே மாற்றும். மீனுக்கும் நஞ்சுக்கும் இடையே அங்குள்ள வித்தியாசம் ஒரேயொரு சகர ஒலிதான்: முன்னையதை நாம் சொல்லும் 'ப்வாசோன்' போலச் சொல்லவேண்டும், பின்னையதிலே அந்தச் சகரம் வண்டின் ரீங்காரம் போல அதிரவேண்டும், அந்த அதிர்வுக்குத் தமிழிலே எழுத்தில்லை. பரிமாறும் வேலைக்கு உயர்ந்த நம்மவன் மேசையருகே நின்று இன்றைய விசேஷம் இன்ன நஞ்சு என்று சொல்லிவிட்டால், சிரிப்போடு போனாற் பாக்கியம். 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் உள்ள சொற்களும் அப்படியே. கடைசி உயிரிலே மாத்திரம் வேறுபடுவன. தட்டை மேல்தட்டில் வை என்றதைக் கீழ்த்தட்டில் வை என்று கேட்டவனுக்கு ஏச்சு நிச்சயம். இதைப் போதிக்க வழி உண்டு: நாவை 'இ' சொல்லும் இடத்திலே நிறுத்திக்கொண்டு இதழை மாத்திரம் 'உ'வுக்குக் குவித்தால் 'மேலே' என்னும் சொல்லின் அந்தக் கடைசி ஒலி தானே பிறக்கும். எழுத்துகளின் பிறப்பிடத்தை நாவாலும் இதழாலும் விளக்கப் பிறப்பியல் என்று ஓர் இயலையே தொல்காப்பியத்திற் கொண்டிருக்கும் மொழியிலே பிறந்தவனுக்கு, இந்தப் பாடத்தை அவனுடைய மொழியிலேயே சொன்னால் ஐந்து நிமிஷம். பிரெஞ்சிலே சொன்னால் ஐந்து மாதம்.

எண்களையும் விட்டுவிடக்கூடாது. எழுபதை அறுபதும் பத்தும் என்றும், எண்பதை நான்கு இருபது என்றும், தொண்ணூற்றிரண்டை நான்கு இருபதும் பன்னிரண்டும் என்றும் சொல்லும் தேசத்திலே, மேசை இலக்கத்தைக் கேட்டவுடன் பிடிப்பது பழக்கத்தால் வருவது. இதைக் கேட்டுச் சிரிக்கும் மாணாக்கருக்கு நம்முடைய தொண்ணூறு, நூற்றின் பெயரைத் தன்னுள் ஒளித்துவைத்திருப்பதையும், தொள்ளாயிரம் ஆயிரத்தின் பெயரைக் கொண்டிருப்பதையும் காட்டினால், பிறருடைய கோணலைப் பார்த்துச் சிரிப்பது நின்றுவிடும். சுவிற்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதிக்குப் போனவர்களுக்கு இந்தச் சங்கடத்திற் பாதி இல்லை. அங்கே எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான தனிச்சொற்கள் வழங்குகின்றன.

வாசிக்கவேண்டியனவும் உண்டு. குளிரறையிலே அடுக்கிய பொதியிலே 'இன்ன தேதிவரை உண்க' என்றிருப்பது ஒன்று, 'இன்ன தேதிக்கு முன் உண்பது நன்று' என்றிருப்பது மற்றொன்று. முன்னையது கடந்தால் வீசவேண்டும், பின்னையது கடந்தால் சுவை குறையலாம், நஞ்சாகாது. 2014 டிசெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களை உணவகங்கள் அறிவிக்கவேண்டும் என்பது விதி. எள்ளும் கடுகும் அவற்றுள் அடங்கும் என்பதைத் தமிழ்ச் சமையலறையிலிருந்து போனவன் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். வெளுப்புத் திரவத்தைக் கறைநீக்கும் அமிலத்தோடு கலந்தால் எழும் வாயு மூச்சை அடைக்கும்; போத்தலின் மேல் எச்சரிக்கை பிரெஞ்சிலேதான் இருக்கிறது. இங்கே ஒரு சொல்லின் விலை ஒரு சுவாசப்பை.

மரியாதைச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நீ' 'நீங்கள்' என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டாகையால் தமிழனுக்கு இது சுலபம் என்று போதகர்கள் நினைக்கிறார்கள். அது அவ்வளவு சுலபமன்று. மூத்தவரை 'நீ' என்று சொல்லாத வழக்கத்திலே வளர்ந்தவன், ஐம்பது வயதுச் சமையலாளரை எல்லாரும் 'நீ' என்று விளிக்கும் அடுக்களையிலே 'நீங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், பணிவுக்குப் பதிலாக விலகல் என்று அதற்கு அர்த்தம் கற்பிப்பார்கள். அதே பழக்கத்தோடு காரியாலயத்துக்குப் போய் அங்குள்ள எழுதுவினைஞரை 'நீ' என்றால் காரியம் கெடும். முன்பின் அறியாத இளைஞனையும் வாய் நிறைய 'மனே' என்று கூப்பிடும் எங்கள் மட்டக்களப்புக்காரருக்கு, அன்பும் மரியாதையும் ஒரு சொல்லிலே சேர்ந்து நிற்பதே இயல்பு. பிரெஞ்சின் இரண்டு சொல்லும் அந்த இடத்தை நிரப்புவதில்லை. இதனைப் பட்டியல் போட்டுக் கற்பிக்க முடியாது, நடித்துக் காட்டித்தான் கற்பிக்கவேண்டும்; கூத்துக் களரி கண்ட ஊருக்கு அது சிரமமாகாது.

அத்திலாந்திக்குக்கு அப்பால், மொன்றியாலிலே, நிலைமை வேறு. 1977 ஆகஸ்டில் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனம், கியூபெக் மாகாணத்துத் தொழிலாளி பிரெஞ்சிலே தன் வேலையைச் செய்வதை அவனுடைய உரிமையாகப் பிரகடனம் செய்தது. பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசும் கண்டத்திலே தம் மொழியைக் காக்க முனைந்த ஜனங்களின் சட்டம் அது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை மறவாத ஈழத்தமிழன் அதை இருமனத்தோடுதான் வாசிப்பான். ஆயினும் மொழியை வேலையாளின் உரிமை என்று கூறிய அந்த வாசகம், வேலையாளின் கடமை என்று மாத்திரம் கூறும் சட்டங்களைவிட மேலானது என்றே சொல்வேன். பிரான்சோ மறுதிசையிலே போகிறது. 2024 ஜனவரிச் சட்டப்படி, 2026 ஜனவரி முதல், பலவாண்டு வதிவிட அட்டைக்கு ஐரோப்பிய அளவுகோலின் ஏ-2 நிலையும், பத்தாண்டு அட்டைக்கு பி-1 நிலையும், பிரஜாவுரிமைக்கு பி-2 நிலையும் வேண்டும். அகதிகளாக ஏற்கப்பட்டோர்க்கு அட்டையளவிலே விலக்கு உண்டெனினும் பிரஜாவுரிமையளவிலே இல்லை. பதினைந்தாண்டு கோப்பை கழுவியும் 'ஷோ தெவா'னுக்கு அப்பால் போகாதவன், பி-2 பரீட்சையிலே ஒரு பொருளைப் பற்றித் தன் கருத்தை நிறுவி எழுதவேண்டும். வேலையோடு வேலையாகக் கற்றதன் எல்லை இங்கே புலப்படுகிறது.

இவ்விடத்திலே, எங்கள் வாவிக்கரையிலே எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒரு போதனை நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே திருகோணமலை மறைமாவட்டம் பிரான்சிய யேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, மட்டக்களப்புக்கு வந்த குருமார், பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கும் பிரசங்கம் செய்வதற்கும் தமிழ் கற்றாக வேண்டியிருந்தது. குறித்த தொழிலுக்காக ஒரு மொழி கற்பது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. ஆனால் அவர்கள் கட்டளையை விளங்கிக்கொள்ளக் கற்கவில்லை. பிறர் மனத்தைக் கேட்கவும், தம் மனத்தைச் சொல்லவும் கற்றார்கள். படுவான்கரையிலே இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. தான்தோன்றீஸ்வரர் கோவிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, கல் நந்தியைக் காட்டி இது புல் தின்னுமா என்று கேட்டதாகவும், நந்தி எழுந்து புல் தின்றதாகவும் அக்கதை சொல்லும். அற்புதத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அந்தக் கேள்வியை அவன் எந்த மொழியிலே கேட்டான், பூசகருக்கு அதை மொழிபெயர்த்தவன் யார் என்பதைத்தான் நான் சிறுவயது முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செய்யத்தக்கது என்ன? இலங்கையிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கிறது. படுவான்கரைப் பள்ளிக்கூடமொன்றிலும் அதைப் போதித்ததாக நான் கண்டதில்லை. பாசிக்குடாக் கரையிலே யுத்தத்தின் பின் எழுந்த விடுதிகளுக்கு வரும் பிரான்சியரோடு பேசவேனும், வழிகாட்டி வேலைக்கு விரும்பும் நம் பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் பெரிய திட்டங்களை எழுதி அமைச்சுக்களுக்கு அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. மாஞ்சியாந்தும் பார்ப்பெத்தும் சொன்ன மூன்றாம் படி, எல்லாவற்றிலும் செலவு மிக்கதும் ஆசிரியர்களால் எளிதில் இயலாததுமான அந்தச் சேகரிப்பு, நம்மவர் கையிலே சும்மா கிடக்கிறது என்பதை மாத்திரம் சுட்டிக்காட்டுகிறேன். ஆயிரம் அடுக்களைகளுக்குள்ளே நாம் நிற்கிறோம். எந்தப் பிரான்சிய ஆராய்ச்சியாளரும் அவ்வளவு அடுக்களைக்குள் நுழைந்திருக்க முடியாது.

ஆகையால், அடுத்த திருவிழாவுக்கு மண்முனைப் பாலம் கடந்து ஊர் வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியிலே சொக்கிலேற்றும் வாசனைத் திரவியமும் இருக்கட்டும். கூடவே, உங்கள் அடுக்களையிலே ஒரு மத்தியானத்தில் காதில் விழுந்த சொற்களைத் தமிழெழுத்திலேனும் எழுதிய தாள் ஒன்றும், பெயரும் இலக்கமும் மறைத்த சம்பளச் சீட்டு ஒன்றும், வேலை நேர அட்டவணையின் பிரதி ஒன்றும், வெளுப்புத் திரவப் போத்தலிலிருந்து உரித்த ஒட்டுத்தாள் ஒன்றும், நீங்கள் சொல்ல நினைத்துச் சொல்லத் தெரியாமற் போன வாக்கியங்கள் பத்தும் கொண்டுவாருங்கள். கோவில் வீதியிலே யாரிடம் விசாரித்தாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.